தலைவலி டாக்டரின் முகம்

வந்தவர் நாற்காலியில் உட்காருவதற்குள் டாக்டரம்மா டியூப்லைட்டை அணைத்துவிடுவார். ஜன்னல் திரையை ஒரு சாண் விட்டு மீதியை இழுத்து மூடுவார். பிறகு, சுருங்கியிருந்த கண் தளர்கிறதா என்று பார்ப்பார். தளர்ந்தால் பாதி நோய் பிடிபட்டுவிட்டது என்று கணக்கு. பெயர், வயது எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஆஸ்பத்திரியில் மற்ற அறைகளெல்லாம் பளிச்சென்று இருக்க, இவருடைய அறை மட்டும் சினிமாக் கொட்டகை மாதிரி மங்கிக் கிடக்கும். வார்டில் அவருக்கு "இருட்டறை டாக்டர்" என்று பேர். அது அவர் காதுக்கும் எட்டியது. "பொருத்தமாத்தானே வெச்சிருக்காங்க" என்று விட்டுவிட்டார்.

மூளை நரம்பு வைத்தியர், வயது ஐம்பத்தேழு. இருபத்தாறு வருஷமாக ஒற்றைத் தலைவலி ஒன்றையே கட்டிக்கொண்டு அழுகிறார் என்பது கூடப் படித்தவர்கள் சொல்வது. அவருக்கும் அந்த வலி உண்டு. மாதத்தில் மூன்று நாலு நாள் இடது கண்ணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கு ஈரக் கைக்குட்டையைப் பிடரியில் போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு நோயாளிகளைப் பார்ப்பார். பசி வந்தால் வலியும் வரும் என்பதால் பன்னிரண்டரை அடித்தால் இடியே விழுந்தாலும் சாப்பாட்டு டப்பா திறந்துவிடும். வெளியே பெஞ்சில் இருப்பவர்களையும் விடமாட்டார். "பசியோட உக்காராதீங்க, எனக்கு வேலை வெக்காதீங்க" என்று கேண்டீனுக்கு விரட்டுவார். வாசனை ஆகாது. மருந்துக் கம்பெனி ஆள் ஒருவர் கமகமவென்று வந்து நின்றபோது, வாசற்படியிலேயே நிறுத்தி, "உங்க மாத்திரை ஆளைக் காப்பாத்தறதுக்குள்ள உங்க சென்ட் ஆளை முடிச்சுடும், போய் முகம் கழுவிட்டு வாங்க" என்றார். அந்த ஆள் கழுவிக்கொண்டுதான் வந்தார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று யாராவது ஆரம்பித்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "தனக்கு வராமலே தெரிஞ்சுக்கணும்னுதானே பத்து வருஷம் படிக்கறோம்? அப்ப இதயத்துக்கு வைத்தியம் பாக்கறவருக்கு வருஷத்துக்கு ஒரு மாரடைப்பா வேணும்?" என்பார். இளம் வயதில் இந்தத் துறையை எடுத்தபோது அவருடைய பேராசிரியரே சிரித்திருக்கிறார். தலைவலிக்கு ஒரு ஆராய்ச்சியா, தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தால் போகாதா என்றாராம். பக்கவாதம் பார்த்தவர்களுக்குப் புதுக் கருவிகள் வந்தன, தனி மாடி வந்தது. இவருக்கு ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்து அறை கிடைத்தது. வெளிச்சம் கம்மி என்று அதை அவரே கேட்டு வாங்கியதாகவும் ஒரு பேச்சு உண்டு. மகளிடம் கேட்டால், "அம்மாவுக்கு ரெண்டு பிள்ளைங்க. ஒண்ணு நான், ஒண்ணு தலைவலி. செல்லம் எல்லாம் அதுக்குத்தான்" என்கிறாள்.

அவருடைய முகத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மனசில் இருப்பதை ஒளித்துவைக்கத் தெரியாத முகம். "இந்த மாசம் ரெண்டே நாள்தான் டாக்டர்" என்று நோயாளி சொன்னால் அந்த அரை இருட்டிலும் அது மலர்வது தெரியும். "பத்து நாள்" என்றால் அப்படியே வாடிவிடும். எத்தனையோ பேரிடம் காட்டி, ஒன்றும் இல்லை, எல்லாம் மனசுதான் என்று துரத்தப்பட்டு வந்தவர்களுக்கு, தங்கள் வலிக்காக ஒருவர் முகம் வாடுவதே பாதி மருந்தாக இருந்தது. ஊர் விட்டு ஊர் வந்து காத்திருந்தார்கள்.

நாலு வருஷத்துக்கு முன் அவர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் பழைய மாத்திரை ஒன்று. அதைச் சாப்பிட்ட பல பெண்கள், கேட்காமலே, தலைவலி குறைந்திருக்கிறது என்றார்கள். புதிதாக வந்திருக்கும் ஊசிகள் எல்லாருக்கும் எட்டாது, இது எட்டும். நிரூபிக்க வேண்டும். நூற்று நாற்பத்து நாலு பேரைச் சேர்த்தார். பாதிப் பேருக்கு அந்த மாத்திரை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டு. படுக்கப் போகும் முன் அன்றைக்கு வலி வந்ததா, எத்தனை மணி நேரம், வாந்தி உண்டா என்று குறிக்க வேண்டும். ஆறு மாத நோட்டு. பரிசோதனை முழுக்க அந்த நோட்டை நம்பித்தான்.

எல்லாம் முடிகிற தறுவாயில், நிரம்பிய நோட்டுகள் திரும்பி வந்துகொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. தண்ணீர் பிடிக்க வெளியே வந்தவர், பெஞ்சில் தையற்கார அம்மா ஒருவர் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, விரல் விட்டு எண்ணி எண்ணி எழுதுவதைப் பார்த்தார். முப்பது நாளும் ஒரே மூச்சில் நிரம்பிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அந்த அம்மாவுக்கு நோட்டை மூடவும் தோன்றவில்லை.

"நாலு நாள்னு போட்டிருக்கீங்க. நிஜமா எத்தனை?"

"அது... பன்னெண்டு பதிமூணு இருக்கும் டாக்டர்."

"அப்புறம் ஏம்மா?"

"போன தடவை பதினொண்ணுன்னு சொன்னப்ப உங்க முகம் தொங்கிப்போச்சு. நமக்காக இவ்வளவு பாடுபடறவங்களை ஏன் நோகடிக்கணும்னு..." என்று இழுத்து, "இந்த பெஞ்சில எல்லாரும் அப்படித்தான் டாக்டர் எழுதறோம்" என்று அந்த அம்மா உண்மையையும் சொல்லிவிட்டார்.

அன்று மத்தியானம் டப்பா திறக்கவில்லை. கடைசியாக வந்த அந்த அம்மாவின் நோட்டோடு நூற்று நாற்பத்து நாலு நோட்டையும் மேஜையில் அடுக்கி, தாள்களின் பின்பக்கம் தடவி எழுத்தின் அழுத்தத்தைப் பார்த்தார். தினமும் எழுதிய நோட்டில் ஒரு நாள் பென்சில், ஒரு நாள் பேனா, வலி வந்த நாளில் எழுத்து கோணியிருக்கும், எண்ணெய்க் கறை இருக்கும். எண்பத்து மூன்று நோட்டுகள் கடையிலிருந்து நேரே வந்தவை மாதிரி சுத்தமாக இருந்தன. ஒரே மை, ஒரே அழுத்தம். பொய் சொன்னவர்கள் நோயாளிகள், வெட்கப்பட்டவர் டாக்டர். சாயங்காலம் அவருக்கு வலி வந்தது, பெரிய வலி.

கணக்குப் போட்டுத் தரும் புள்ளியியல் நிபுணர் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சுக்கா. எல்லாருக்கும் குறைஞ்சிருக்கு. நம்பிக்கையில கொஞ்சம் குறையும், சரி. மாவு தின்னவங்களுக்குக் கூடவா இவ்வளவு குறையும்?"

"இப்படியே முடிச்சா?"

"மாத்திரையும் மாவும் ஒண்ணுன்னு வரும்."

பெரிய டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷர்தான். ஓய்வுக்கு மூன்று வருஷம்தான் இருக்கிறது, கிடைத்ததை எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்றார். டாக்டரம்மா உட்காரவே இல்லை.

"எழுதிக் கொடுத்தா, இந்த மாத்திரை வேலைக்கு ஆகாதுன்னு என் கையெழுத்தோட போகும் சார். அப்புறம் முப்பது வருஷத்துக்கு ஒருத்தரும் அதைத் தொட மாட்டாங்க. அது நல்ல மாத்திரையா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு எழுத மாட்டேன்."

"மறுபடி முதல்லேர்ந்தா?"

"முதல்லேர்ந்துதான்."

மூன்று வருஷத்தில் முடியுமா என்று அவர் கேட்டார். முடியாவிட்டால் ஓய்வுக்குப் பிறகும் வருவேன், நாற்காலி மட்டும் போட்டுவையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதை மறைக்காமல் நாலு பக்கம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். தன் முகமும் ஒரு காரணம் என்று அதில் ஒரு வரி இருந்தது. படித்தவர்கள் சிரித்தார்களாம்.

இப்போது நோட்டு கிடையாது. தினமும் சாயங்காலம் ஏழு மணியிலிருந்து ஒவ்வொருவருக்காகப் போன் போகும். போன் பண்ணுவதற்கு அவர் தேடிப் பிடித்த ஆள், அறுவை வார்டில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்ற நர்ஸ். "சிடுமூஞ்சி சிஸ்டர்" என்றால்தான் அடையாளம் தெரியும். வேறு ஆளா கிடைக்கவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள். "அவங்களைச் சந்தோஷப்படுத்தணும்னு இதுவரைக்கும் யாருமே நினைச்சதில்லை. அதான் வேணும்" என்றார் டாக்டரம்மா. சிஸ்டரும் இதைக் கேட்டுவிட்டு, கோபிக்காமல், எத்தனை பேர்கிட்டப் பேசணும் என்று மட்டும் கேட்டார். "வலியா? எத்தனை மணி நேரம்? வாந்தி? சரி, வையுங்க" என்று ஒரு ஆளுக்கு முக்கால் நிமிஷம். பதில்கள் நேரே கணக்குத் தம்பிக்குப் போகின்றன. டாக்டரம்மா கண்ணில் படாது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வலி நாட்கள் கூடுதலாகத்தான் வருகின்றன என்று தம்பி ஒரு நாள் வாய் தவறிச் சொன்னபோது, "ரொம்ப நல்லது, இதுக்கு மேல சொல்லாத" என்றார்.

பரிசோதனை போனிலேயே நடக்கும். ஆனால் மற்ற நோயாளிகளை நேரே பார்த்துத்தானே ஆக வேண்டும்? வைத்தியத்துக்கும் உண்மை வேண்டும். முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளப் பழகினார். கண்ணாடி முன் நின்று முயன்றதாக மகள் சொல்கிறாள். "அம்மா, உனக்கு வயித்து வலியான்னு கேட்டேன்" என்கிறாள். அந்த வித்தை அவருக்குக் கடைசி வரை வரவில்லை.

போன வாரம் தையற்கார அம்மா வந்திருந்தார். பரிசோதனையிலிருந்து நீக்கியாகிவிட்டது, ஆனால் வலி நீங்கவில்லையே. விளக்கு அணைந்தது, திரை மூடியது. குற்றம் செய்த பிள்ளை மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"போன மாசம் எத்தனை நாள்மா?"

அந்த அம்மா நிமிர்ந்து டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தார். அது ஏற்கெனவே கவலைப்பட ஆரம்பித்திருந்தது. "அது வந்து டாக்டர்... முன்னைக்கு இப்ப பரவாயில்லை... ஒரு அஞ்சு..."

டாக்டரம்மா எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சீட்டை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"இப்ப சொல்லுங்க."

முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்ல வந்தது: "பதினாலு நாள், டாக்டர்."

பதினாலு என்று எழுதினார். திரும்பாமலே, "வாந்தி எத்தனை நாள்?" என்று கேட்டார்.