கிரேனுக்குக் காட்டிய கை என்னுடையது

அண்ணன் நம்மைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் அண்ணனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும், வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தானே என்றீர்கள். அதனாலேயே இதை எழுதுவது கடினமாக இருக்கிறது.

அண்ணன் முத்தாண்டிக்குப்பத்தில் பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு முந்திரிக்கொட்டை உடைக்கப் போனார். பிறகு நெய்வேலியில் கட்டுமானக் கான்ட்ராக்ட் வேலை. அங்கே கிரேனுக்குக் கை காட்டும் சிக்னல்மேன் ஆனார். விரல் மேல்நோக்கிச் சுழன்றால் தூக்கு, கீழ்நோக்கிச் சுழன்றால் இறக்கு, கையை நீட்டி விரித்தால் நிறுத்து. கை காட்டும் நேரத்தில் மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் விரட்ட மாட்டார். அதையும் ஓட்டுநர் சிக்னல் என்று எடுத்துக்கொள்வார் என்பார். என்னை டிப்ளமோ வரை படிக்க வைத்தார். அதே சைட்டுக்கு நான் வெள்ளை ஹெல்மெட்டோடு சூப்பர்வைசராக வந்த அன்று, எல்லோர் முன்னாலும் "வாங்க சார்" என்று கூப்பிட்டுச் சிரித்தார்.

அண்ணனின் இடது கை நசுங்கிய கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தது பொய்.

அன்று இரும்புக் குழாய் இடுப்புயரத்தில் தொங்கியது. அடியில் வைத்த மரக்கட்டை சாய்ந்திருந்தது. அண்ணன் நிறுத்தச் சொல்லிக் காட்டிவிட்டு, கட்டையைச் சரிசெய்யக் குனிந்தார். அடுத்த லாரி காத்திருந்தது. எனக்கு அவசரம். அவர் பின்னால் நின்று விரலைக் கீழ்நோக்கிச் சுழற்றினேன். கிரேன் ஓட்டுநர் நெல்லிக்குப்பம் பாய், என் வெள்ளை ஹெல்மெட்டை நம்பி இறக்கிவிட்டார்.

மருத்துவமனையில், "நான் உண்மையச் சொல்லிடறேண்ணா" என்றேன்.

"சும்மா கெடடா. எனக்குப் போனது வெரலு. உனக்கு வேல பூட்டா, நம்ம வூட்டுல இன்னொருத்தன் எப்ப படிச்சி வரது? பாய்கிட்ட நான் பேசிக்கிறேன்."

இறக்கச் சொன்னது தானேதான் என்று விசாரணையில் அண்ணன் சொன்னார். கம்பெனியில் அவரைச் சிக்னல் வேலையிலிருந்து எடுத்து, வாசல் கேட்டில் காவலுக்கு நிற்க வைத்தார்கள். பாய் அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒருமுறைதான் பேசினார்.

"கிரேனுக்கு ஒரு கைதான் தம்பி காட்டணும். நீங்க படிச்ச பொஸ்தகத்துலயும் அப்படித்தான போட்டிருக்கும்?"

ஒரு கல்யாணப் பந்தியில் மாமா ஒருவர், "ஏம்பா, ஊருக்கெல்லாம் கை காட்டிக்கினு இருந்துட்டு உங் கையவே உட்டுட்டியே!" என்றார். பந்தியே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கோயிலில் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் இதைச் சொல்லிவிட்டேன். எனக்கு ஆறுதல் கிடைத்தது. அண்ணன் மேல் விழுந்த பழி அப்படியேதான் இருந்தது.

மாரடைப்பு வந்த அன்று அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டாருக்கும், அடக்கம் முடியும்வரை நின்ற சைட் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பாயிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்கிறேன். நடந்ததைக் கம்பெனிக்கும் எழுத்தில் கொடுத்துவிட்டேன். என்ன செய்வார்களோ, செய்யட்டும்.

அச்சுக்கு அனுப்பும் முன் இதை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன்.

"சட்டைக்குப் பட்டன் போட முடியாம நிப்பாரு. 'கவனத்த எங்க வெச்சிக்கினு இருந்த'ன்னு நான் அவரத்தான் திட்டுவேன். அப்பக்கூட ஒரு வார்த்த சொல்லலியே, தம்பி."

நான் தாளை மடிக்கப் போனேன்.

"போடுங்க. எல்லாரும் படிக்கட்டும்" என்றார்.

போட்டிருக்கிறேன்.