சூளையில் நான் வேகவைத்த சுக்கான்கல்

பூமிக்கு அடியில் நெருப்புக் குழம்பு சுண்ணாம்புப் பாறைக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று ஏழாம் வகுப்பில் ஒரு வீடியோ பார்த்தேன். இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் பாறையே வேறாகிவிடுமாம். சுண்ணாம்பில் அடைபட்ட வாயு வெளியேறும், குழம்பின் சத்து உள்ளே இறங்கும், ஆறிய பிறகு உடைத்தால் மாதுளை முத்துபோலச் சிவப்புக் கற்கள்! நெருப்பும் சுண்ணாம்பும் இருந்தால் போதும் என்று முடிவுகட்டிவிட்டேன்.

இரண்டும் எங்களிடமே இருந்தன. வெள்ளிமலை ரோட்டோரம் எங்கள் கொல்லையில், புது வீட்டுக்காக மேஸ்திரியும் அவர் மனைவியும் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கொல்லையின் மேட்டுப்பக்கம் கிளறினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல், எல்லாம் சுண்ணாம்பு. அந்தப் பக்கத்து மண்ணை மட்டும் மேஸ்திரி தொடவே மாட்டார். ஏன் என்று கேட்டிருக்கலாம். எனக்கு அவசரம்.

அவர்கள் டீ குடிக்கப் போன இரண்டு சாயங்காலங்களில், ஈரச் செங்கற்களில் புளியங்கொட்டை அளவுக்கு ஒவ்வொரு சுக்கான்கல் துண்டு அழுத்தி, மேலே மண் பூசி வழித்துவிட்டேன். சூளை ஆறியதும் ஒன்றை உடைத்துப் பார்த்தேன். சிவப்பும் இல்லை, முத்தும் இல்லை, வெளுத்த கட்டி. ஏமாற்றத்தில் மறந்தே போனேன்.

சுவர் இடுப்பளவு எழும்பி, தண்ணீர் ஊற்றிய மூன்றாம் நாள் காலை 'டப்' என்றது. சில்லு ஒன்று பறந்துவந்து சித்தப்பாவின் டீ கிளாஸில் விழுந்தது. பிறகு இன்னொரு டப். இன்னொன்று. சுவர் முழுக்க அம்மை போட்டதுபோல் கொப்புளம் வெடித்து வெள்ளை மாவு கொட்டியது. வாயு போய்விட்டிருக்கிறது, வேறெதுவும் நடக்கவில்லை. உள்ளே இருந்தது சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் குடித்து உப்பிக் கல்லைப் பிளக்கிறது.

"இன்னா மேஸ்திரி, கல்லு அறுக்கச் சொன்னா பட்டாசு சுருட்டி வச்சிக்கிற?" என்றார் சித்தப்பா.

அப்பா சிரிக்கவில்லை. "மேட்டு மண்ண அள்ளிட்டியா?"

"சத்தியமா இல்லீங்க. சுக்காங்கல்லு மண்ணுல கை வைப்பனாங்க?"

"இன்னொரு சூளை போட்டுக் குடுத்துட்டுப் போ. கூலின்னு வாயத் தெறக்காத."

மேஸ்திரியின் மனைவி இடிந்துபோய் மணல்மேல் உட்கார்ந்தார். நான் முன்னால் போய் நின்று, வீடியோ முதல் புளியங்கொட்டை வரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

மேஸ்திரி குனிந்து, "எத்தினி கல்லுல வச்ச பாப்பா?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் அப்பா, "கொழந்த பேச்சப் புடிச்சிக்கினு தப்பிக்கப் பாக்கறியா? நீ உள்ள போ!" என்று கத்தினார்.

அப்பா என்னை நம்பவில்லையே என்று அன்று முழுக்க அழுதேன். ஆதாரம் காட்டத் தெரியாதவள் என்ன விஞ்ஞானி!

மறுநாளே என்னை எலவனாசூர்கோட்டை அத்தை வீட்டுக்கு அனுப்பினார். பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்த நேரம். ஜுரம் என்று வாத்தியாருக்கு அவரே போன் செய்தார். புதுச் சூளை ஆறும்வரை நான் ஊர் திரும்பவில்லை. நான் சொன்னதை நம்பாதவர் எதற்காக என்னைக் கண்காணாமல் அனுப்ப வேண்டும்? அந்தக் கேள்வி எனக்கு எழவே இல்லை. அப்பாவுக்கு மனம் இளகிவிட்டது, லீவு கிடைத்துவிட்டது என்று குதித்து ஏறி, பஸ்ஸில் ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொண்டேன்.