வெர்லின் கட்டிய ஆரஞ்சு அட்டைகள்

வெர்லின் ஸ்ட்ரௌடை விருந்துக்குக் கூப்பிட யாருக்கும் தைரியம் கிடையாது. மனுஷன் தங்கம்தான். கேன்சாஸில் ஒரு தானியக் கிடங்கில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் எதைப் பார்த்தாலும் அது அசலா, மேலே பூசிப் புதுசாக்கியதா என்று நோண்டாமல் அவரால் இருக்கவே முடியாது. தங்கை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டார்ச்சோடு மேசைக்கு அடியில் புகுந்து, "இது உன் மாமியார் காலத்து வார்னிஷ் இல்லம்மா!" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தவர். பாதிரியாரின் பல்லைப் பற்றி அவர் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

இந்த வியாதி உபயோகப்படுகிற இடம் உலகத்திலேயே ஒன்றுதான். பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களின் சங்கம் வருஷத்துக்கு ஒரு முறை சந்தைத் திடல் கொட்டகையில் நடத்துகிற கண்காட்சி. அங்கே பரிசோதனை மேசை வெர்லினுடையது. தொழிற்சாலையில் போட்ட அசல் பூச்சு என்றால் வெள்ளை அட்டை, பின்னால் யாரோ பூசிய மறுபூச்சு என்றால் ஆரஞ்சு அட்டை. நூலில் கோத்துத் துப்பாக்கியிலேயே கட்டிவிடுவார். ஆரஞ்சு அட்டை வாங்கியவர்களில் பாதிப் பேர் அவரோடு பேசுவதில்லை. ஒருத்தர் மட்டும் வண்டியில் போகும்போது கை காட்டுவார், அதுவும் நடுவிரலை மட்டும்.

இந்த வருஷம் வெர்லினுக்குக் காலையிலிருந்தே வேலையில் மனசு ஒட்டவில்லை. காரணம் ஆர்லிஸ். கணவர் இறந்து ஆறு வருஷம். கண்காட்சியின் சாப்பாட்டுக் கடையில் சில்லி என்கிற கறிக் குழம்பும், சினமன் ரோல் என்கிற பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் பரிமாறுகிறவள். அவள் சிரித்தால் கொட்டகையே திரும்பிப் பார்க்கும். இன்று மதியம் அவளைத் தன்னோடு உட்கார்ந்து சாப்பிடக் கூப்பிட்டே தீருவதென்று வெர்லின் முடிவு கட்டியிருந்தார். அதற்காக ஒரு கோமாளித்தனமும் பண்ணித் தொலைத்திருந்தார். முந்தின நாள் கடையில் ஒரு டப்பா வாங்கி, அறுபத்தெட்டு வயசுத் தலையைக் கன்னங்கரேலென்று ஆக்கிக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தபோது அவருக்கே பயமாகிவிட்டது. தொப்பியைக் காதுவரை அமுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அவர் போய்க் கூப்பிடுவதற்குள் ஆர்லிஸே மேசைக்கு வந்துவிட்டாள். கையில் துண்டு சுற்றிய ஒரு பழைய ரிவால்வர்.

"தொப்பியக் கழட்டுய்யா," என்றார் பக்கத்தில் இருந்த சங்கச் செயலாளர் டெல்பர்ட்.

"குளிரா இருக்கு."

"ஜூலை மாசத்துலயா? தொப்பி விளிம்பு பட்டு ஒரு துப்பாக்கியில கீறல் விழுந்துச்சுன்னு, இந்த மேசையில தொப்பியே கூடாதுன்னு விதி போட்டதே நீதானேய்யா!"

வெர்லின் தொப்பியைக் கழற்றினார். டெல்பர்ட் குடித்த காப்பி மூக்கு வழியாக வந்தது. ஆர்லிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எங்க அப்பாவோடது," என்றாள் அவள். "வாங்கின நாள்லேருந்து ஒருத்தர் கைவைக்கலன்னு சாகுறவரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு. வெள்ளை அட்டைதானே குடுப்பீங்க?"

வெர்லின் அதைத் திறந்து, உள்ளே குண்டு இல்லையென்று பார்த்து, பூதக்கண்ணாடியைப் பிடித்தார். குழலில் வெட்டிய எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தது. திருகாணி இருந்த இடமெல்லாம் தேய்ந்து கிண்ணம்போலக் குழிந்திருந்தது. பல வண்ணம் கலந்து மின்ன வேண்டிய விசையும் ஒரே நீலம். போதாததற்கு, துருப்பிடித்த பள்ளங்களுக்குள்ளும் அந்த நீலப் பூச்சு இறங்கியிருந்தது. மறுபூச்சேதான், சந்தேகமே இல்லை.

ஐயோ பாவம், மனுஷன் தவித்த தவிப்பு! ஒரே ஒரு வெள்ளை அட்டை கட்டினால் போதும். டெல்பர்ட் வாயைத் திறக்கமாட்டார். ஆர்லிஸ் சிரிப்பாள், மதியம் எதிரே உட்காருவாள். வெர்லின் வெள்ளை அட்டையை எடுத்தேவிட்டார். நெற்றியிலிருந்து கறுப்பாக ஒரு சொட்டு வியர்வை அதன்மேல் விழுந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுக்கட்டாக வேறு வெள்ளை அட்டைகள் பக்கத்திலேயே இருந்தன. சே என்று தள்ளிவிட்டு ஆரஞ்சை எடுத்தார்.

"மன்னிச்சுக்கோங்க ஆர்லிஸ். இது மறுபூச்சு. உங்கப்பா பொய் சொல்லியிருக்க மாட்டாரு, அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியாதுதான்," என்றாள் ஆர்லிஸ். "பதினாறு வயசுல ஒரு பையன்கிட்ட பீத்திக்கிறதுக்காக அத எடுத்துட்டுப் போயி குளத்துல போட்டுட்டேன். தேடி எடுக்கிறதுக்குள்ள துரு. பக்கத்து ஊர்ல குடுத்துப் பூசி, வெளியூர் போயிருந்த அப்பா திரும்புறதுக்குள்ள பெட்டியில வச்சுட்டேன்."

வெர்லின் நூலை முடிச்சுப் போடாமலே நிமிர்ந்தார்.

"இந்த ஆறு வருஷத்துல மூணு பேரு என்னைக் கட்டிக்கிறேன்னு வந்தாங்க. மூணு பேரும் துப்பாக்கியக் கரைச்சுக் குடிச்சவங்க. இதக் காட்டினேன். அசல், அசல்னு கண்ணுல ஒத்திக்காத குறைதான். இதுக்கே பொய் சொல்றவன் எங்கிட்ட எத்தனை சொல்லுவான்?"

சொல்லிவிட்டு அவர் கையிலிருந்த பூதக்கண்ணாடியைப் பிடுங்கி அவர் தலைமேலேயே வைத்தாள்.

"ஓரமெல்லாம் காதுல ஏறியிருக்கு. புருவம் வேற நிறம். வழுக்கைப் பள்ளத்துக்குள்ளயும் கறுப்பு இறங்கியிருக்கு. யாரு பண்ணின வேலை இது?"

"நாந்தான்."

"நல்லாத் தெரியுது. டெல்பர்ட், ஒரு ஆரஞ்சு அட்டை குடுங்க."

சட்டைப் பொத்தானில் தொங்கிய அட்டையோடுதான் வெர்லின் அன்று அவளுக்கு எதிரே உட்கார்ந்து சில்லி சாப்பிட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை யாரும் பார்த்ததில்லை.

அடுத்த வசந்தத்தில் கல்யாணம். அதற்குள் அவர் தலை பழையபடி வெளுத்திருந்தது. பாதிரியார் முன்னால் ஆர்லிஸ் ஒரு வெள்ளை அட்டையை எடுத்து அவர் கோட்டில் கட்டினாள்.

"விதிப்படி அது தப்பு," என்றார் வெர்லின். "ஒருதடவை பூசினா அப்புறம் எப்பவுமே ஆரஞ்சுதான்."

பாதிரியார் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். வெர்லின் அந்தப் பற்களையே உற்றுப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆர்லிஸ் அவர் காலை ஓங்கி மிதித்தாள்.