கல்யாணத்துக்கா, படிப்புக்கா?

எனக்கு ஒன்பது வயதானபோது என் எதிர்காலம் இரண்டு துண்டுப் பிரசுரங்களாகச் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவுக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவர். அந்த உரிமையில் அப்பாவின் சாவைப் பற்றி மிக உற்சாகமாகப் பேசுவார்.

“அண்ணே, உங்களுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னு வைங்க. அதுக்கப்புறம் காலணா கட்ட வேணாம். பிள்ளைக்குச் சேர வேண்டியது டாண்ணு வந்துரும்.”

கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் ஒரு வார்த்தையையும் தவறவிடவில்லை.

பாலிசி இரண்டு வகை. ஒன்று கல்யாணத்துக்கு, எனக்குப் பதினாறு வயதானதும் மொத்தத் தொகையும் ஒரே தடவையில் வந்துவிடும். மற்றது படிப்புக்கு, அதே வயதிலிருந்து காலேஜ் முடிகிறவரை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வரும். அப்பாவின் சம்பளம் ஒன்றைத்தான் தாங்கும். பெண்பிள்ளைக்குக் கல்யாணத்தை விட்டால் வேறென்ன செலவு என்று மேலூரிலிருந்து பெரியப்பா கடிதம் போட்டுவிட்டார். அந்தக் கடிதத்தை அம்மா அரைமணி நேரம் கையில் வைத்திருந்தாள்.

“எனக்கு எம்புட்டு நகை போட்டு அனுப்புனாக! ஒரு கடுதாசி வந்தா எழுத்துக் கூட்டித்தானே படிக்கிறேன்? இவளுக்குப் படிப்புக்கே போடுங்க” என்றாள்.

அண்ணன் சொல்லைத் தட்ட அப்பாவுக்குத் துணிவில்லை. அம்மா முகத்தைப் பார்க்கவும் துணிவில்லை. கோர்ட்டில் பார்த்துப் பழகியதையே வீட்டிலும் செய்தார், வாய்தா வாங்கினார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஏஜெண்ட் காபியை மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினார்.

நாலாவது ஞாயிறு, சாமி படத்துக்கு முன்னால் பூக்கட்டிப் பார்த்துவிடுவதென்று அப்பா ஒரு வழியாக முடிவுக்கு வந்தார். சிவப்பு அரளி வந்தால் கல்யாணம், வெள்ளை மல்லிகை வந்தால் படிப்பு. இரண்டையும் தனித்தனியாக வாழையிலையில் மடித்து நாரால் கட்டி வைத்தால், கள்ளமறியாத குழந்தை ஒன்று கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வீட்டிலிருந்த ஒரே குழந்தை நான். எனக்குக் கள்ளம் நிறையவே இருந்தது. கல்யாணப் பிரசுரத்தில் ஒட்டியாணமும் ராக்கொடியுமாக ஒரு மணப்பெண் இருந்தாள். படிப்புப் பிரசுரத்தில் உம்மென்று ஒரு பையன். எது வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யோசிக்காமல் ஒட்டியாணம் என்றிருப்பேன்.

பொட்டலங்களை அம்மாதான் கட்டி வைத்தாள். சிவப்பே வர வேண்டும் என்று மீனாட்சியை வேண்டிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அப்பா பிரித்தார். மல்லிகை.

“அப்புறமென்ன? அம்மன் உத்தரவுன்னு அண்ணனுக்கு எழுதிர வேண்டியதுதான்” என்றார் அப்பா. அவர் முகத்தில் அத்தனை நாளாக இல்லாத தெளிவு. ஏஜெண்ட் பேனாவைத் திறந்தார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கைநழுவிப்போன கல்யாணத்தைக் கண்ணாலாவது பார்ப்போம் என்று மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதற்குள்ளும் மல்லிகைதான் இருந்தது.

அம்மா ஏதோ ஞாபகத்தில் தப்பாகக் கட்டிவிட்டாள் என்று நினைத்தேன். சந்தோஷம் தாங்கவில்லை. இலையோடு அப்பாவிடம் ஓடினேன்.

“அப்பா, இதுலயும் வெள்ளைதான் இருக்கு! அம்மா தப்பாக் கட்டிருச்சு. நான் மறுபடி எடுக்கணும்!”

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அப்பா இலையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்தார். இலையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“சிவப்பாத்தானே இருக்கு, ஆத்தா” என்றார். ஏஜெண்டிடம் திரும்பி, “எங்க கையெழுத்துப் போடணும், தம்பி?” என்று கேட்டார்.

அன்று முழுவதும் அப்பாவை நினைத்து எனக்குக் கவலையாக இருந்தது. இந்த வயதிலேயே கண் இப்படிக் கெட்டுப்போய்விட்டதே! சாயங்காலம் அதை அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கண் தெரியாத புருஷனை நினைத்துத்தான் அழுகிறாள் என்று நானும் அவளோடு சேர்ந்து அழுதேன்.