அப்பா துடைப்பம் எடுத்த நாள்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சவுக்குத் தோப்புதான் இருந்தது. மத்தியானம் பையன்கள் மணலில் ஆட்டம் போட்டுவிட்டுப் பாதிக் கடற்கரையைக் காலோடு வகுப்புக்குள் கொண்டு வருவார்கள். அதைப் பெருக்குவது பெண்பிள்ளைகளின் வேலை. இப்படி யாரும் உத்தரவு போட்டதாக நினைவில்லை. கதவுக்குப் பின்னால் துடைப்பம் இருந்ததைப் போல அதுவும் இருந்தது.

பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் அக்கா ஒரு நாள், "இன்னைக்குப் பசங்க பெருக்கட்டும்" என்று துடைப்பத்தை முதல் பெஞ்சுக்காரனிடம் நீட்டினாள். நீட்டிய வேகத்தில் அது அவன் தோளில் பட்டுத் தொலைத்தது. எங்கள் ஊரில் துடைப்பம் மேலே படுவது லேசுப்பட்ட விஷயமா? ஆம்பளைப் பையனைத் துடைப்பத்தால் அடித்துவிட்டாள் என்று தலைமையாசிரியர் அறைக்குச் சேதி போயிற்று. அப்பாவை அழைத்து வா என்றார் அவர்.

அப்பா மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டினார். மறுநாள் சவாரியை விட்டுவிட்டு வந்த கோபம் முகத்திலேயே இருந்தது. "சார் எதுனா சொன்னாருன்னா படிப்பும் வாணாம், ஒண்ணும் வாணாம். வூட்ல குந்திக்கினு இரு" என்று வழியெல்லாம் திட்டினார். சொன்னால் செய்கிறவர்தான். அத்தை மகளை அப்படித்தான் ஒன்பதாவதோடு நிறுத்தியிருந்தார்கள்.

பத்தாம் வகுப்பு வாசலில் விசாரணை. எதிரே எங்கள் ஆறாம் வகுப்பு ஜன்னலில் நாங்கள் எல்லோரும் தொங்கிக்கொண்டிருந்தோம்.

"பொண்ணு பெருக்கினா கை தேஞ்சிடுமா? மன்னிப்புக் கேட்டுட்டுப் பெருக்கச் சொல்லுங்க. இல்லன்னா டி.சி. வாங்கிட்டுப் போங்க" என்றார் தலைமையாசிரியர்.

அப்பா அக்காவைப் பார்த்தார். "நான் பெருக்க மாட்டேன்னு சொல்லல நைனா. அவுங்களும் பெருக்கணும்னு சொன்னேன்" என்றாள்.

அப்பா என்ன நினைத்தாரோ, கதவுக்குப் பின்னால் கைவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார். "கை தேயாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க. எனக்கும் தேயாது."

ஆனால் அவர் ஜென்மத்தில் துடைப்பம் பிடித்ததில்லை. உள் மூலையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் வாசலிலிருந்து உள்ளே பெருக்கிக்கொண்டு போனார். கடற்காற்றில் மணலெல்லாம் எழும்பித் தலைமையாசிரியரின் வெள்ளைச் சட்டையில் படிந்தது. சிரிப்பு தாங்கவில்லை. முதல் பெஞ்சுக்காரனே ஓடிவந்து, "குடுங்க அண்ணாத்த" என்று துடைப்பத்தை வாங்கிக்கொண்டான். தலைமையாசிரியர் சட்டையைத் தட்டியபடியே போய்விட்டார். டி.சி. பேச்சு அதோடு சரி. மறுவாரத்திலிருந்து பையன்களுக்கும் முறை வந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் திருவிழாதான். அப்பா கட்டிலில் உட்கார்ந்து, வந்தவர் போனவருக்கெல்லாம் கதையை நடித்துக் காட்டினார். அக்கா பெருமையில் பூரித்துப்போய் இருந்தாள். உலகத்திலேயே இப்படி ஒரு அப்பா எங்களுக்கு மட்டும்தான் என்று எனக்கு ஒரே கர்வம்.

அம்மா சிரித்துக்கொண்டே கேட்டபடி வீட்டைப் பெருக்கிக்கொண்டு வந்தாள். கட்டிலருகே வந்ததும் அப்பா வழக்கம்போல, கதையை நிறுத்தாமலே, இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். அம்மா பெருக்காமல், துடைப்பத்தோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்காவின் சிரிப்பும் நின்றுபோயிற்று.

கால் இன்னும் கொஞ்சம் மேலே போகட்டும் என்றுதான் அம்மா காத்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன்.