முதலாளிக்கும் அனுமதி இல்லை

பாண்டியராஜ் நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் சாஜிதா பானுவுக்குச் சிரிப்பு வரும். கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே. சங்கரன்கோவிலில் உரக்கடை மாடியில் ஒரு ஏசி, நான்கு சர்வர், கண்ணாடிக் கதவு. இணையத்தில் யார், எங்கிருந்து எழுதுகிறார்கள் என்று வெளியே தெரியாமல் மறைத்துக் கொடுக்கும் கம்பெனி. அதற்கு அவர் முதலாளி. விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே ஐந்து பட்டம். அதில் இரண்டுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியாது.

சாஜிதா கடையநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, நான்கு வருடமாகக் கம்பெனியின் வேலை முழுவதையும் செய்தவள். மறைக்கும் புரோகிராம் எந்த ஃபைலைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று ஒவ்வொன்றாக விதி எழுதினாள். விதியில் இல்லாததை யார் கேட்டாலும், அட்மின் பாஸ்வேர்டோடு வந்து கேட்டாலும், மெஷின் மறுத்துவிடும். வாடிக்கையாளரின் முகவரி மெமரியில் மட்டும் ஒரு நாள் நிற்கும். டிஸ்க்கில் எழுத வழியில்லை. இதையெல்லாம் முதலாளிக்கு அரை மணி நேரம் விளக்கினாள். அவர் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே "சூப்பர்மா" என்றார்.

போன வியாழக்கிழமை மத்தியானம் அவருடைய மச்சினன் சண்முகையா வேர்க்க விறுவிறுக்க மாடியேறி வந்தார். விசைத்தறிக் கூடம் வைத்திருப்பவர். அங்கே பெண்களின் கழிப்பறையைப் பூட்டி, சாவியை மேஸ்திரி இடுப்பில் சொருகிக்கொண்டு திரிவான். காலையில் யாரோ ஒருத்தி அதைப் போட்டோவோடு தொழிலாளர் துறைக்கு எழுதிவிட்டாள். எழுதியது இந்தக் கம்பெனி வழியாக; துறையில் காட்டிய புகாரில் கம்பெனி பெயர் இருந்தது.

"பன்னெண்டு பொம்பளைல ஒருத்திதான் அத்தான். எவள்னு மட்டும் சொல்லுங்க, சாயங்காலமே சீட்டக் கிழிச்சிருதேன்."

முகவரி வெளியே வந்தால் அந்தப் பெண்ணை ஊரில் வேறு எந்தத் தறியிலும் சேர்க்க மாட்டார்கள்.

பாண்டியராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மதுரையில் யாரிடமோ போனில் கேட்டு எழுதிக்கொண்ட கட்டளையை ஒற்றை விரலால் தட்டினார். அனுமதி இல்லை என்றது. அட்மின் பாஸ்வேர்டைப் போட்டார். அப்போதும் அனுமதி இல்லை. மூன்றாம் தடவை ஓங்கிக் குத்தினார். குத்துக்கு மெஷின் பயப்படும் என்று நினைத்தாரோ என்னவோ.

"ஏம்மா, நான் மொதலாளிலா! எனக்கே இல்லங்குது? எடுத்து விடு அத."

"ஓடுத மெஷின்ல என்னாலயும் எடுக்க முடியாது அண்ணாச்சி. அணைச்சுத் திரும்பப் போட்டாத்தான் விதிய மாத்தலாம்."

சொன்னது அத்தனையும் உண்மை. மீதியை அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"இத மொதல்லயே சொல்லதுக்கு என்ன?" மச்சினன் பார்க்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், நான்கு சர்வரின் சுவிட்சையும் தன் கையாலேயே தட்டி அணைத்து, திரும்பவும் போட்டார். சாஜிதா சொன்னபடி விதியைத் தளர்த்தினாள். திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை.

"எங்கம்மா இருக்கு?"

"மெமரில இருந்துச்சு அண்ணாச்சி. நீங்க அணைச்சதும் போயிட்டு."

நான்கு வருடமாகச் சாஜிதா மனதுக்குள் அடக்கி வைத்திருந்தது எல்லாம், சண்முகையா தன் அத்தானைப் பார்த்த ஒரே பார்வையில் இருந்தது.

பாண்டியராஜின் முகம் கறுத்தது. "நீ பாத்திருப்பல்லா? எவள்னு சொல்லு. இல்லன்னா நாளைக்கு வர வேண்டாம்."

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. எனக்கும் சேத்துத்தான் பூட்டுனேன்."

"பொய் சொல்லுதா" என்றார் மச்சினனிடம். பார்க்க வசதி இருந்தும் ஒருத்தி தன் கையைத் தானே கட்டிக்கொள்வாள் என்பது அந்த மண்டையில் எந்தக் காலத்திலும் ஏறாது.

சாஜிதா டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். வேலை போனது வலிக்கத்தான் செய்தது. ஆனால் பன்னிரண்டு பேரில் எவள் என்று தெரியாமல் இருந்ததே பெரிய நிம்மதி. தெரிந்திருந்தால், வேலைக்குப் பயந்து சாஜிதாவே சொல்லியிருப்பாள்.