மனை ஓரத்து வரத்துக்கால்

"ஓடைக்கும் கால்வாய்க்கும் என்ன வித்தியாசம், சார்?" என்று வகுப்பில் ஒரு மாணவி முன்பு கேட்டாள். அளவுதான் என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன்.

இன்று சாலவாக்கம் பேருந்தில் என் பக்கத்தில் ஒரு கோபிக்காரர். மானாம்பதி அருகே மனை பார்த்திருக்கிறார், நாளை பத்திரப்பதிவு.

"மனை ஓரத்துல ஒரு பள்ளம் போகுதுங்க. எங்கூர்ல சின்ன ஓடைய அப்படித்தான் சொல்லுவோம். காஞ்சுதான் கெடக்குது, மூடிட்டுச் சுவர் எழுப்பிக்கலாம்னு தரகர் சொல்றாருங்க."

நடவு முடித்து வந்த ஓர் அம்மா முன் இருக்கையிலிருந்து திரும்பினார்.

"இன்னா சார் பள்ளம்? அது வரத்துக்கால். மழைல எங்க ஏரிக்கு அதுலதான் தண்ணி வந்துகினு கீது. மூடிட்டீன்னா உன் வூட்லதான் ஏரி ரொம்பும்!"

பேருந்தே சிரித்தது. கோபிக்காரர் மட்டும் சிரிக்காமல் தரகரைக் கைபேசியில் அழைத்தார். "நாளைக்குப் பத்திரம் வேண்டாங்க. மழை பேஞ்சப்புறம் வந்து பாத்துக்கறேன்."

அவர் ஊரில் தரையின் வடிவத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கே தண்ணீர் செய்யும் வேலையைப் பார்த்து. ஆம்பூர்ப் பக்கம் கானாறு என்பார்கள், அது காட்டிலிருந்து வருவதால்.

உங்கள் ஊர் ஓடைக்கு என்ன பெயர் என்று, அந்தத் தண்ணீரில் பயிர் வைப்பவரிடம் கேட்டு இங்கே எழுதுங்கள். மனை விற்பவரிடம் கேட்க வேண்டாம்.